3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர், ஒற்றைக் கைப்பிடி மிக்சர்: ஷவரில் சூடு நிற்கவே இல்லை

பாலக்கோட்டான்:
மாடி கட்டிக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. குளியலறையில் சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும், சுவருக்குள் பதித்த மிக்சர், ஒரே கைப்பிடி, மேலே எட்டு அங்குல ரெயின் ஷவர். ஹீட்டர் 3 லிட்டர் இன்ஸ்டன்ட், 3 கிலோவாட். வெயில் காலத்தில் யாரும் அதைத் தொடவில்லை, மார்கழி பிறந்ததும்தான் வம்பு. கைப்பிடியைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பினால் முதல் இருபது வினாடி கொதிக்கிறது, அப்புறம் வெதுவெதுப்பு, அப்புறம் அதுவும் இல்லை. கொதிக்கிறதே என்று கைப்பிடியை நடுவில் வைத்தால் வெறும் பச்சைத் தண்ணீர். பிளம்பர் ஹீட்டரைக் குறை சொல்கிறார், ஹீட்டர் விற்றவர் மிக்சரைக் குறை சொல்கிறார், அப்பா இரண்டு பேரையும் நம்பாமல் பின்கட்டில் விறகு மூட்டி அண்டாவை ஏற்றிவிட்டார். டைல்ஸை உடைக்காமல் வழி இருக்கிறதா?

போர்த்தண்ணி:
தம்பி, இரண்டும் நல்ல பொருளாகவே இருக்கலாம், ஜோடிதான் சேரவில்லை. 3 கிலோவாட் என்பது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால் 43 டிகிரி ஏற்றும், இரண்டு லிட்டர் ஓடினால் அதில் பாதி, எட்டு லிட்டர் ஓடினால் ஐந்து டிகிரி ஏறுவதே பெரிது. ரெயின் ஷவர் சாதாரணமாக எட்டு, பத்து லிட்டர் குடிக்கும். நீங்கள் பார்த்த இருபது வினாடிக் கொதி, உள்ளே ஏற்கெனவே காய்ந்து நின்ற அந்த மூன்று லிட்டர். அது தீர்ந்ததும் கதை முடிந்தது. இன்ஸ்டன்ட் என்று பெயர் வைத்தவனைத்தான் கேட்க வேண்டும். ஹீட்டரை அணைத்துவிட்டு, சூட்டுப் பக்கம் மட்டும் திறந்து பத்து லிட்டர் வாளி எத்தனை வினாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

தளி குளிர்:
நடுவில் வைத்தால் ஏன் பச்சைத் தண்ணீர் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. மேல்தொட்டி ஷவருக்குப் பத்தடி உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.3 பார்தான். பச்சைத் தண்ணீர் நேராக வந்துவிடுகிறது, சுடுதண்ணீர் ஹீட்டருக்குள் புகுந்து நாலைந்து எல்போ (குழாய் வளைவு) திரும்பி வருவதற்குள் களைத்துவிடுகிறது, மிக்சருக்குள் பலமானவன் ஜெயிக்கிறான். யாராவது பிரஷர் பம்ப்பைப் பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். வைத்த சூட்டைத் தானே பிடித்து நிறுத்தும் தெர்மோஸ்டாட் மிக்சர் வாங்கினால் தீரும் என்று கடையில் சொல்வார்கள், வாங்காதீர்கள். அதற்குச் சூட்டுப் பக்கம் நிலையான சூடும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தமும் வேண்டும், உங்களிடம் இரண்டும் இல்லை.

ஒயர்மேன் அரூர்:
ஹீட்டருக்குள் போகும் ஆங்கிள் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி ஓட்டத்தைக் குறையுங்கள், மிக்சரில் பச்சைத் தண்ணீரைச் சேர்க்கவே வேண்டாம். ஆனால் அதற்கு முன் ஹீட்டரின் பின்னால் ஒட்டிய தாளில் அழுத்தம் எத்தனை பார் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வெளியேறும் வாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டிய மலிவு ரகங்கள் உண்டு, அவற்றை மிக்சரோடு சேர்ப்பது ஆபத்து. சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் 3 கிலோவாட் சுமார் 2 ஆகிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? இல்லை என்றால் ஷவரை விடுங்கள், முதலில் அதைச் செய்யுங்கள்.

பாலக்கோட்டான்:
வாளி 70 வினாடியில் நிரம்பியது, அதாவது நிமிடத்துக்கு எட்டரை லிட்டர். போர்த்தண்ணி அண்ணன் சொன்ன கணக்கேதான். தாளில் 6.5 பார் என்று இருக்கிறது, ஆர்.சி.சி.பி.யும் இருக்கிறது. தொட்டித் தண்ணீர் காலையில் 21 டிகிரி. வால்வை இறுக்கி இறுக்கி வாளிக்கு ஐந்து நிமிடம் ஆகும்படி வைத்ததும் 40 டிகிரி வந்தது, குறையாமல் நின்றது! ஆனால் ரெயின் ஷவரில் அது ஒழுகுகிற கூரை மாதிரிதான் விழுகிறது. ஹேண்ட் ஷவரில் சமாளிக்கலாம். அண்டாவே வேகம் என்கிறார் அப்பா. தண்ணீரை முன்கூட்டியே காய்ச்சித் தேக்கி வைக்கும் 25 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர் போட்டுவிடலாமா, ஒயர் மாற்ற வேண்டுமா?

ஒயர்மேன் அரூர்:
ஒயர் மாற்ற வேண்டாம், 25 லிட்டர் பெரும்பாலும் 2 கிலோவாட்தான், இப்போது இருப்பதைவிடக் குறைவு. 60 டிகிரியில் காய்ந்த 25 லிட்டரோடு உங்கள் தொட்டித் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் ஐம்பது லிட்டர் கிடைக்கும், ரெயின் ஷவரில் ஆறு நிமிடம் வரும். அடுத்த ஆள் அரை மணிக்கு மேல் காத்திருக்க வேண்டும். தண்ணீர் மட்டுமே 25 கிலோ, சுவர் தாங்குமா என்று பார்த்து ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். உள்ளே போகும் பக்கம் சேஃப்டி வால்வு இல்லாமல் மாட்ட விடாதீர்கள்.

போர்த்தண்ணி:
மாட்டியது போர் தண்ணீர் லைனிலா? அப்படியென்றால் வருடம் ஒருமுறை திறந்து, உள்ளே சூடேற்றும் கம்பியான எலிமென்ட்டில் உப்பைச் சுரண்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் விட்டதில் எலிமென்ட்டே தெரியவில்லை, வெள்ளைச் சுண்ணாம்புக் குச்சி மாதிரி இருந்தது.