பால்டிமோர் பிளாஸ்ட்: பேர் ஒன்று, அணி இரண்டு. பழைய டிக்கெட், ஸ்கோர், வீடியோ பார்ப்பவர்களுக்கு

தொடக்கப் பதிவு

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து உள்ளரங்கக் கால்பந்து வரலாற்றைத் தொடுகிறவர்கள் முதலில் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: பிளாஸ்ட் அணி. "பிளாஸ்ட் 10 முறை சாம்பியன்" என்று போட்டிருப்பார்கள். கணக்கு சரி. ஆனால் அதில் 1 கோப்பை ஒரு கிளப்புடையது, மீதி 9 வேறொரு கிளப்புடையது.

முதல் பிளாஸ்ட் அந்த ஊரில் பிறந்த அணியே அல்ல. 1978 டிசம்பரில் ஆறு அணிகளோடு எம்.ஐ.எஸ்.எல். (மேஜர் இன்டோர் சாக்கர் லீக்) தொடங்கியபோது அந்த அணியின் பெயர் ஹூஸ்டன் சம்மிட். 1980 இறுதிப் போட்டியில் நியூயார்க் ஆரோஸிடம் தோற்ற கையோடு, பயிற்சியாளர் கென்னி கூப்பரையும் கூட்டிக்கொண்டு பால்டிமோருக்குக் குடிவந்தது. 1992இல் லீக் மூடப்பட்டதும் அணியின் கதையும் முடிந்தது.

அதே ஆண்டு என்.பி.எஸ்.எல். என்ற இன்னொரு லீக்கில் பால்டிமோர் ஸ்பிரிட் என்று புது அணி இறங்கியது. 1998இல் தொழிலதிபர் எட் ஹேல் அதை வாங்கிப் பழைய பெயரையே வைத்தார். முதல் பிளாஸ்ட்டைக் கடைசியாக வைத்திருந்தவரும் அவர்தான். ஸ்பிரிட்டுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவரோ அதே கூப்பர். ஆட்கள் அதே ஆட்கள், கிளப் வேறு. குழப்பத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

மறுமொழி 1

டிக்கெட்டோ நிகழ்ச்சி மலரோ கைக்கு வந்தால் அரங்கின் பெயரை முதலில் பாருங்கள். 1962இல் திறந்த ஒரே கட்டடம்தான், பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. "சிவிக் சென்டர்" என்றிருந்தால் 1986க்கு முந்தையது. வெறும் "பால்டிமோர் அரீனா" என்றிருந்தால் அவசரப்படாதீர்கள். முதல் பிளாஸ்ட், ஸ்பிரிட், இரண்டாம் பிளாஸ்ட் மூன்றும் அந்தப் பெயரின் கீழ் ஆடியவை. லீக் முத்திரையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். "ஃபர்ஸ்ட் மரைனர் அரீனா" என்றால் 2003க்குப் பின். அது ஹேல் நடத்திய வங்கியின் பெயர். 2017இல் அணி டௌசன் பல்கலைக்கழக அரங்குக்கு மாறிவிட்டது.

லீக் முத்திரையிலும் ஒரு வில்லங்கம். எம்.ஐ.எஸ்.எல். என்ற எழுத்துகளை மூன்று வெவ்வேறு லீக்குகள் வைத்திருந்தன: 1978இல் தொடங்கியது, 2001–08, பிறகு 2014 வரை ஓடியது. முதல் லீக்கே கடைசி இரண்டு சீசன்களில் "இன்டோர்" என்ற சொல்லை விட்டுவிட்டு எம்.எஸ்.எல். ஆனது. 1990–92 மலரில் எழுத்து குறைகிறதே என்று போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சட்டையில் "ஸ்பிரிட்" என்று மட்டும் இருந்தால் அது பிட்ஸ்பர்க் ஸ்பிரிட்டாகவும் இருக்கலாம். அந்த அணி 1986இலேயே போய்விட்டது. பால்டிமோர் ஸ்பிரிட் வந்தது 1992இல்.

மறுமொழி 2

ஸ்கோரை வைத்தும் காலத்தைப் பிடிக்கலாம். முதல் எம்.ஐ.எஸ்.எல்.லில் ஒரு கோலுக்கு ஒன்று. ஆகவே 5–4, 7–6 மாதிரிதான் வரும். என்.பி.எஸ்.எல்.லில் சாதாரண கோலுக்கு 2, கோலுக்கு முன்னால் தள்ளி வரைந்த வளைகோட்டுக்கு வெளியிலிருந்து அடித்தால் 3. அங்கே 18–13 என்பது சாதாரண ராத்திரி. 2001க்குப் பிறகும் இந்த முறை ஒரே நிலையில் நிற்கவில்லை. 2014இல் பிளாஸ்ட் சேர்ந்த எம்.ஏ.எஸ்.எல். (மேஜர் அரீனா சாக்கர் லீக்) என்ற லீக்கில் மறுபடி கோலுக்கு ஒன்று. அதனால் ஸ்பிரிட் கால "பாயிண்ட்" கணக்கை 1984 ஆட்டக்காரரின் கணக்கோடு பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று கேட்பதில் பொருளே இல்லை. கோல், அசிஸ்ட் (கோலுக்குப் பந்து கொடுத்தது) இரண்டையும் தனித்தனியாக எடுத்து ஒப்பிடுங்கள்.

வீடியோ என்றால் பந்தின் நிறம். சிவந்த பந்து உருண்டால் முதல் எம்.ஐ.எஸ்.எல். பால்டிமோர் அரங்கைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி: ஒரு முனையில் நிலையான மேடை இருந்தது. இருக்கை வரிசை சுற்றிலும் மூடாமல் அந்தப் பக்கம் அறுந்து நிற்கும்.

களத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் பட்டுத் திரும்பும் பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது, அவுட் இல்லை. சுவரைப் பாஸ் கொடுக்கிற ஆளாகவே பயன்படுத்துவார்கள். ஒரு பக்கத்துக்குக் கோல்கீப்பரோடு ஆறு பேர். ஆட்டம் நிற்காமலே ஆள் மாறுவதால் யார் களத்தில் என்று எண்ணுவது சிரமம். பெஞ்ச் கதவைக் கவனித்தால் பிடிபடும்.

மறுமொழி 3

எல்லோரும் ஏமாறுகிற ஜோடி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1984 இறுதியில் பிளாஸ்ட் வென்றது செயின்ட் லூயிஸ் ஸ்டீமர்ஸை. 2006 இறுதியிலும் பிளாஸ்ட் வென்றது செயின்ட் லூயிஸ் ஸ்டீமர்ஸை! பழைய பகை தொடர்ந்தது என்று எழுதத் தோன்றும். ஆனால் பழைய ஸ்டீமர்ஸ் 1988இலேயே மூடிவிட்டது. பின்னால் வந்தது அதே பெயரில் பிறந்த வேறு அணி. இரண்டு பக்கமும் பெயர் மட்டும்தான் பழசு.

பட்டியல்: முதல் கிளப்புக்கு 1984. இரண்டாம் கிளப்புக்கு 2003, 2004, 2006, 2008, 2009, 2013, 2016, 2017, 2018. முதல் கிளப் 1983, 1985, 1989, 1990 இறுதிகளில் தோற்றது, நான்கு முறையும் சான் டியேகோ சாக்கர்ஸிடம்.

எண்ணிக்கையில் ஒன்றே ஒன்று என்றாலும் அந்த 1984தான் ஊரின் நெஞ்சில் நிற்பது. அந்த மார்ச்சில் ஊரின் கோல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி ராத்திரியோடு ராத்திரியாக லாரிகளில் மூட்டை கட்டி இண்டியானாபொலிஸ் போய்விட்டது. அந்தக் காயத்தோடு இருந்த ஊருக்கு பிளாஸ்ட் கோப்பையைக் கொடுத்தது. ஸ்டான் ஸ்டாமென்கோவிச், ஊரார் செல்லமாக "பீட்சா மேன்" என்றவர், அந்த சீசனில் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்.

மறுமொழி 4

சின்னக் குறிப்பு ஒன்று, தேடும்போது உதவும். "கென்னி கூப்பர், பால்டிமோர், 1984" என்று வந்தால் அது பயிற்சியாளர் கூப்பரின் அதே பெயருள்ள மகன் பிறந்த ஆண்டு. டல்லாஸுக்கும் அமெரிக்க தேசிய அணிக்கும் ஆடியவர் அவர். அப்பா கோல்கீப்பர், மகன் ஃபார்வர்டு.