கிராமின் டாக் சேவக் வரன்: இந்த வேலையை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

கேள்வி:

என் தங்கைக்கு வந்திருக்கும் வரன், கிராமின் டாக் சேவக் பணியில் இருக்கிறார். ஊரின் கிளை அஞ்சலகத்தை நடத்துவதும் கடிதங்களை வீடு வீடாகப் பட்டுவாடா செய்வதும் அவர் ஒருவரே. மாப்பிள்ளை வீட்டார் “மத்திய அரசு வேலை” என்கிறார்கள், எங்கள் பெரியப்பாவோ “நான்கு மணி நேர வேலை எப்படி அரசு வேலையாகும்?” என்று தயங்குகிறார். பையனின் குணத்தில் குறையொன்றும் தெரியவில்லை. இந்த வேலையில் இருப்பவர்களோ அவர்கள் வீட்டாரோ விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (பணியில் இருப்பவர்):

இரு தரப்பும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்நாளில் இ.டி. (எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல், அதாவது இலாகாவின் நிரந்தரப் பணியாளர் பட்டியலுக்கு வெளியே உள்ள) ஊழியர்கள் என்று அழைக்கப்பட்ட எங்களவர்கள் வகிப்பது அரசின் சிவில் பதவியே என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் முழுநேர ஊழியருக்குரிய ஊதிய விகிதம் எங்களுக்கு இல்லை. மாதந்தோறும் வருவது டி.ஆர்.சி.ஏ. எனப்படும், பணி நேரத்தைப் பொறுத்த படித்தொகை. 2018 ஜூலை முதல், இவரைப்போல் கிளை அஞ்சலகத்தை நடத்தும் கிளை போஸ்ட்மாஸ்டருக்கு அது நான்கு மணி நேரப் பணிக்கு 12,000 ரூபாயிலும், ஐந்து மணி நேரப் பணிக்கு 14,500 ரூபாயிலும் தொடங்குகிறது; அதன்மேல் அகவிலைப்படியும் ஆண்டுக்கு 3 சதவீத உயர்வும் உண்டு. பணி 65 வயது வரை. அதன்பின் பணிக்கொடை கிடைக்கும், ஆனால் முழுநேர ஊழியர்கள் பெறும் மாத ஓய்வூதியம் கிடையாது. எனவே வயதான காலத்துக்கான சேமிப்பை இப்போதே தொடங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள்.

இன்னொன்று, பிழைப்புக்குப் போதுமான வேறு வருமானம் இருக்க வேண்டும் என்பது இப்பணியில் சேருவதற்கான நிபந்தனைகளில் ஒன்று. அதாவது, இதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் நடக்கும் என்று விதிகளை எழுதியவர்களே நினைக்கவில்லை. உங்கள் பெரியப்பா வேலை நேரத்தை விட்டுவிட்டு, நிலமோ மாடோ கடையோ இருக்கிறதா என்று விசாரிப்பதே நல்லது.

மறுமொழி 2 (கிளை போஸ்ட்மாஸ்டரின் மனைவி):

வருமானத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். அஞ்சலகத்துக்கு இடம் கொடுக்க வேண்டியவர் கிளை போஸ்ட்மாஸ்டர்தான் என்பதால், பெரும்பாலும் வீட்டின் முன்னறையே அலுவலகமாகிவிடும். காகிதத்தில் நான்கு மணி நேரம் என்றாலும், வயலிலிருந்து திரும்பும் ஊரார் விளக்கு வைத்த பிறகுதான் பாஸ்புத்தகத்தோடு வருவார்கள். உறவு முறை சொல்லி அழைக்கும் அவர்களை நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்ப முடியாது.

உதவித்தொகை வரும் நாட்களில் எங்கள் திண்ணை நிறைந்துவிடும். களையெடுத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை, பணம் கொடுக்குமுன் ஆளை அடையாளம் பார்க்கும் கருவி எளிதில் ஏற்காது. ஈரத்துணியால் பெருவிரலைத் துடைத்து, மறுபடி வைத்து, அதுவும் பலிக்காவிட்டால் அடுத்த விரலை வைத்துப் பார்க்க வேண்டும். அவர் பட்டுவாடாவுக்குப் போயிருக்கும்போது, வந்தவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பது என் வேலை. அதற்குப் படியொன்றும் கிடையாது, கேட்கவும் இல்லை!

கவலைப்பட வேண்டியது பண விஷயத்தில்தான். தெரிந்தவர் என்பதற்காக ஒருவருடைய சேமிப்புத் தவணையையோ காப்பீட்டுத் தவணையையோ தம் கையிலிருந்து கட்டி, பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அலுவலகப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே பெட்டியில் கலந்தால், ஒரு நூறு ரூபாய் குறைந்தாலும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பையன் கணக்கில் கறாரானவரா என்று ஊரில் விசாரியுங்கள். அதைவிட முக்கியமான விசாரணை வேறில்லை.

மறுமொழி 3:

உங்கள் தங்கை வேலைக்குச் செல்பவரா? கிளை போஸ்ட்மாஸ்டர் அஞ்சலகம் உள்ள ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்பதால், நகரத்தில் தனிக்குடித்தனம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இலாகாத் தேர்வு எழுதி முழுநேரத் தபால்காரராகும் வழி இருக்கிறது. ஆனால் அப்போது வேறு ஊருக்குப் போக நேரலாம்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. தங்கை நகரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கற்பிக்கிறாள். அங்கிருந்து அவர்கள் ஊருக்குப் பேருந்து வசதி இருக்கிறது. கொஞ்சம் நஞ்சை நிலம் உண்டு என்று சொன்னார்கள், ஆனால் அஞ்சலகம் நடக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று நாங்கள் கேட்கவேயில்லை. அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிந்தால் அலுவலகம் எங்கே போகும் என்பதையும் சேர்த்து, இந்த வாரம் பெரியப்பாவை நேரில் அனுப்பிக் கேட்கிறோம்.