ஹூஸ்டன் புறநகர் வீடு உண்மையிலேயே மலிவா?

கேட்டிக்காரன்:
அமெரிக்க நகரங்கள் புறநகர்களாகப் பரந்துகொண்டே போவதைத் திட்டுவது படித்தவர்களின் பொழுதுபோக்காகிவிட்டது. திட்டுகிறவர்களில் பாதிப்பேர் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டி நொந்தவர்கள். இங்கே ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டியில், ஒரு செவிலியரும் பள்ளி ஆசிரியரும் சேர்ந்தால் தோட்டத்தோடு சொந்த வீடு வாங்க முடிகிறது. எங்கே வீடு, எங்கே கடை என்று பகுதி பிரிக்கும் நிலப் பயன்பாட்டு மண்டலச் சட்டமே ஹூஸ்டனில் கிடையாது. 1948, 1962, 1993 என மூன்று முறை மக்களே வாக்களித்து அதை வேண்டாம் என்றார்கள். யாரும் யாரையும் ஊருக்கு வெளியே துரத்தவில்லை. இதில் என்ன குற்றம்?

லூப்வாசி:
மண்டலச் சட்டம் இல்லைதான். ஆனால் விதிகள் இல்லாமலா இருந்தன? 1998 வரை, நகர மையத்தைச் சுற்றி ஓடும் 610 லூப் என்ற வளைய நெடுஞ்சாலைக்கு உள்ளேகூடத் தனி வீடு கட்ட 5,000 சதுர அடி மனை வேண்டும் என்று மாநகராட்சியே சொன்னது. கடை திறந்தால் இத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும் என்ற விதி நகரின் பெரும்பகுதியில் இன்றும் உண்டு. இப்படி நெருங்கி வாழ வழியில்லாமல் செய்துவிட்டு, மக்கள் விரும்பித்தான் விலகிப் போனார்கள் என்கிறீர்கள்.

நகரத்திலிருந்து கேட்டிக்குப் போகும் நெடுஞ்சாலையான கேட்டி ஃப்ரீவேயையும் பாருங்கள். சுமார் 280 கோடி டாலர் செலவழித்து 2008இல் அகலப்படுத்தி முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். அதற்கான இடத்தில் ஒரு பகுதி பழைய ரயில் பாதையுடையது. 2011க்கும் 2014க்கும் இடையில் மாலை நெரிசலில் பயணத்துக்கு ஆகும் நேரம் 55 சதவீதம் கூடியது. ரயில் பாதையும் போயிற்று, நேரமும் போயிற்று.

கேட்டிக்காரன்:
கூட்டம் கூடியதென்றால் அந்தச் சாலை தேவைப்பட்டது என்றுதானே பொருள்? அகலப்படுத்தாமல் விட்டிருந்தால் அத்தனை குடும்பங்களும் எங்கே போயிருக்கும்?

பேயூக்கரை:
சாலையை விடுங்கள் ஐயா, தண்ணீரைப் பேசுவோம். 1935 வெள்ளத்துக்குப் பிறகு, நகர மையத்தைக் காக்க அடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு தடுப்பணைகளை 1940களில் மேற்கே கட்டினார்கள். மழை இல்லாத நாளில் உள்ளே தண்ணீர் நிற்காது. மரங்களும் விளையாட்டுத் திடல்களும்தான். அணை முழுக்க நிரம்பினால் நீர் எதுவரை நிற்குமோ, அதுவரை அரசு நிலம் வாங்கவில்லை. மிச்சமிருந்த தனியார் நிலம் பின்னாளில் மனைகளாயிற்று. சுற்றிலும் மழையை உறிஞ்சிக்கொண்டிருந்த புல்வெளியும் நெல் வயலும் கான்கிரீட்டுக்கு அடியில் போயின.

பார்க்கரை ஒட்டிய சில மனைப்பிரிவுகளின் வரைபடத்தில், இந்த இடம் நீண்ட நேரம் வெள்ளத்தில் நிற்கக்கூடியது என்று ஒரு குறிப்பே உண்டு. அரசு அலுவலகத்தில் கிடக்கும் வரைபடத்தை எடுத்து வாசித்துவிட்டு வீடு வாங்குகிறவர் யார்? 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது, தங்கள் வீடு நீர்த்தேக்கத்துக்குள்தான் இருக்கிறது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. அணைக்கு மேற்புறத்தில், நீர் தேங்கும் பக்கம் இருந்த வீடுகளின் சேதத்துக்கு மத்திய அரசே பொறுப்பு என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது உங்கள் மலிவு வீட்டின் பில் நாட்டில் வரி கட்டும் எல்லோருக்கும் வருகிறது.

கேட்டிக்காரன்:
வெள்ளம் புறநகரை மட்டும் தேடி வருகிறதா? லூப்பை ஒட்டியே இருக்கும் மேயர்லேண்ட் 2015, 2016, 2017 என்று வரிசையாக மூழ்கியதே! பில்லை ஊரார் தலையில் கட்டுகிறோம் என்பதும் அநியாயம். எங்கள் பகுதியின் தண்ணீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் வாங்கிய கடனை நாங்கள்தான் ஆண்டுதோறும் ‘மட்’ (MUD) என்ற உள்ளூர்க் குடிநீர்-வடிகால் மாவட்டத்துக்கான வரியாக அடைக்கிறோம்.

பேயூக்கரை:
மேயர்லேண்ட் 1950களின் புறநகர். அதை மூழ்கடிக்கும் பிரேஸ் பேயூ என்ற ஓடையும் மேற்கிலிருந்துதான் வருகிறது. மேலே தார் போட்டால் கீழே இருப்பவன் முழுகுகிறான். குழாய்க்கு வரி கட்டுகிறீர்கள், சரி. கீழே இருப்பவனின் வீட்டுக்கு யார் கட்டுவது?

கேட்டிக்காரன்:
மாற்று என்ன, அதைச் சொல்லுங்கள். வசனம் போதும்.

லூப்வாசி:
மாற்று கண்ணெதிரே இருக்கிறது. 1998இல் லூப்புக்குள் மனை அளவை 1,400 சதுர அடி வரை குறைக்க அனுமதித்தார்கள். 2013இல் நகரின் மற்றப் பகுதிகளுக்கும் விரித்தார்கள். ஒரு பழைய வீடு இருந்த மனையில் இன்று டவுன்ஹவுஸ் எனப்படும் ஒடுங்கிய மாடி வீடுகள் மூன்று. ஒரு அடி புல்வெளியை அழிக்காமல் மூன்று குடும்பங்கள்.

கேட்டிக்காரன்:
அந்த டவுன்ஹவுஸ்களைப் போய்ப் பார்த்தேன். கீழே கார் ஷெட், நடுவில் சமையலறை, மேலே படுக்கை. முழங்கால் தேய்ந்த என் அம்மா ஒரு காப்பி போடப் படியேற வேண்டும். விலையோ எங்கள் வீட்டை விடக் கூடுதல்.

லூப்வாசி:
கேட்டியில் அம்மா படியேற வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். வாசலைத் தாண்டி எங்கே போவார்? உங்கள் குடியிருப்பு மதிலுக்குப் பின்னாலேயே கடை இருந்தாலும், நுழைவாயில் வரை சுற்றி, நடைபாதை இல்லாத ஆறு தடச் சாலையைக் கடந்துதானே போக வேண்டும்? மீனாட்சி கோயிலுக்கு யாராவது கார் எடுத்தால்தான் உண்டு.

கேட்டிக்காரன்:
கோயில் இருப்பது பியர்லேண்டில். அதுவும் புறநகர்தான். லூப்புக்குள் குடியிருக்கும் நீங்கள் அங்கே ரயிலிலா போகிறீர்கள்?