சால்டரிங் பிட் கறுத்துவிட்டது, லெட் ஒட்டவே மாட்டேன் என்கிறது. அவசர உதவி

வெளிச்சவீடு | காலை 9:12
வணக்கம் நண்பர்களே. சால்டரிங் பிட், அதாவது அயர்னின் முனை, முழுக்கக் கறுத்துவிட்டது. லெட் (பற்றவைக்கும் ஈயக் கம்பி) வைத்தால் உருகுகிறது, ஆனால் முனையில் பிடிக்காமல் முத்து முத்தாக உருண்டு மேசையில் விழுகிறது. புது பிட் போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. இதற்கு முந்தையதும் இப்படித்தான் போனது. நாளை மறுநாள் 18 பல்பு பழுது பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என்ன செய்தால் சரியாகும்?

செம்புக்கம்பி | காலை 9:20
எந்த அயர்ன்? நேராக பிளக்கில் மாட்டும் 25 வாட்டா, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டேஷனா? எத்தனை டிகிரி வைக்கிறீர்கள்? என்ன லெட்? எதைக் கொண்டு துடைக்கிறீர்கள்? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

வால்வுரேடியோ | காலை 9:31
தம்பி, பயப்படாதீர்கள். சின்ன அரத்தை எடுத்து முனையை லேசாக ராவுங்கள். செம்பு பளிச்சென்று தெரிந்ததும் சூடாக்கி, பேஸ்டில் ஒரு முக்கு முக்கி லெட் ஏற்றுங்கள். புதுசு போல ஆகிவிடும். வால்வு ரேடியோ காலத்திலிருந்து நான் இப்படித்தான் செய்கிறேன்.

செம்புக்கம்பி | காலை 9:38
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அது வெறும் செம்பு பிட்டுக்குத்தான் சரி. இப்போது ஸ்டேஷனோடு வரும் பிட்டுகளில் உள்ளேதான் செம்பு, அதன் மேல் இரும்பு முலாம். முனையைத் தவிர்த்த பகுதியில் லெட் ஏறாமலிருக்க குரோமியம் பூசியிருப்பார்கள். அரம் போட்டால் அந்த முலாம் போய்விடும். அப்புறம் உருகிய லெட் செம்பைக் கரைத்துத் தின்னும், நாலு நாளில் முனையில் குழி விழும். வெளிச்சவீடு, தயவுசெய்து அரத்தை எடுக்க வேண்டாம்.

ஓம்விதி | காலை 9:55
மாதம் தவறாமல் இதே கேள்வி வருகிறது. மாடல் எண், வெப்பநிலை, லெட்டின் கலவை, இந்த மூன்றையும் எழுதாமல் உதவி கேட்பது, காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லாமல் மருந்து கேட்பது போல. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்திருந்தால் எல்லோருடைய நேரமும் மிஞ்சியிருக்கும்.

நெல்லைமின் | காலை 10:02
லெட்தான் கோளாறு, எழுதித் தருகிறேன். மலிவு லெட்டில் நடுவில் ரோசின் (லெட் ஒட்ட உதவும் பிசின்) சரியாக ஓடியிருக்காது. கொஞ்சம் வெட்டிப் பாருங்கள், நடுவில் துளை தெரிகிறதா? வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு கலந்த 63/37 வாங்குங்கள். 183 டிகிரியில் சட்டென்று உருகிச் சட்டென்று உறையும்.

வெளிச்சவீடு | காலை 11:40
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ஸ்டேஷன்தான், குமிழ் திருகும் வகை. லெட் சாதாரண லெட். ஸ்பான்ச் வைத்துத்தான் துடைக்கிறேன். கறுப்பு போகாததால் நேற்று உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தேன். அதற்கப்புறம் இன்னும் மோசம்.

செம்புக்கம்பி | காலை 11:46
உப்புத்தாளா! தேய்த்த இடம் சிவப்பாகத் தெரிகிறதா, சாம்பல் நிறமாகவா? சிவப்பு என்றால் செம்பு வெளியே வந்துவிட்டது, அந்த பிட் இனி ஆகாது. சாம்பல் என்றால் முலாம் இன்னும் இருக்கிறது, மீட்டுவிடலாம். குமிழ் எந்த எண்ணில் நிற்கிறது என்று இன்னும் சொல்லவில்லை.

வெளிச்சவீடு | காலை 11:58
சாம்பல் நிறம்தான். குமிழ் 450. குறைத்தால் எல்இடி பல்பு போர்டில் லெட் உருகவே மாட்டேன் என்கிறது.

நெல்லைமின் | நண்பகல் 12:05
450! அப்படியானால் லெட்டை விடுங்கள், சூடுதான் காரணம். 400 தாண்டினாலே இரும்பு முலாம் கண்ணெதிரே ஆக்சைடு ஆகும். லெட்டில் உள்ள ரோசினும் வேலை செய்யும் முன்பே கருகி, முனையில் கரியாக அப்பிக்கொள்ளும்.

செம்புக்கம்பி | நண்பகல் 12:11
பல்பு போர்டு என்று முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிக் கேள்வி குறைந்திருக்கும். அது அலுமினியப் போர்டு. எல்இடியின் சூட்டை இழுத்து வெளியே கடத்தத்தான் அலுமினியம் போட்டிருக்கிறார்கள். உங்கள் பிட்டின் சூட்டையும் அது அப்படியே இழுத்துவிடுகிறது. ஊசி முனையை வைத்துக்கொண்டு டிகிரியை ஏற்றிப் பயனில்லை. உளி போல அகன்ற பிட் போட்டு 350 வையுங்கள். போர்டை முதலில் அடியிலிருந்து கொஞ்சம் சூடாக்கிக்கொண்டால் இன்னும் எளிது.

வால்வுரேடியோ | நண்பகல் 12:30
அரம் வேண்டாம் என்றால் சரி, நவச்சாரக் கட்டி வாங்குங்கள். சூடான முனையை அதில் ஒரு தேய் தேய்த்தால் கறுப்பெல்லாம் புகையாகப் போய்விடும். எங்கள் தெருவில் ஈயம் பூச வருகிறவர், பித்தளை அண்டாவை அடுப்பில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, பஞ்சால் ஒரு இழுப்பு இழுப்பார். அண்டா உள்ளே வெள்ளி போல மின்னும். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஓம்விதி | நண்பகல் 12:41
பாத்திரமும் சர்க்யூட் போர்டும் ஒன்றல்ல. நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் பிரியும். முனையில் ஒட்டிய மிச்சம் போர்டுக்குப் போனால், ஆறு மாதம் கழித்துப் போர்டின் செம்புத் தடம் பச்சை பூத்து அறுந்துவிடும். இதைத் தெரியாமல் அறிவுரை சொல்லக் கூடாது.

வால்வுரேடியோ | நண்பகல் 12:52
செம்பு பிட்டில் நான் செய்து கண்டதைத்தான் சொன்னேன் ஐயா. செய்த பிறகு ஈரத்துணியில் துடைத்து, இரண்டு முறை லெட் ஏற்றி உதறிவிடுவேன். எந்த செட்டும் திரும்பி வந்ததில்லை.

கோவைத்தடம் | மதியம் 1:15
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். லெட் காரீயம் கலந்தது, புகையே விஷம் என்கிறார்கள். காரீயம் இல்லாத கம்பிக்கு மாறுவதுதானே நல்லது?

ஓம்விதி | மதியம் 1:24
350 டிகிரியில் காரீயம் ஆவியாகாது. அதன் கொதிநிலை 1,700 டிகிரிக்கும் மேல். கண்ணில் எரியும் புகை ரோசின் புகை, அது ஆஸ்துமாவைக் கிளப்பும். காரீயத்தின் ஆபத்து கைவழியாக வருவது. லெட் தொட்ட கையோடு வடை சாப்பிடாதீர்கள், அவ்வளவுதான்.

கோவைத்தடம் | மதியம் 1:33
அப்படியானால் ஐரோப்பாவில் 2006 ஜூலையிலிருந்து காரீயத்தை ஏன் கட்டுப்படுத்தினார்கள்?

நெல்லைமின் | மதியம் 1:40
அது முக்கியமாகக் குப்பையில் போய்ச் சேரும் போர்டுகளுக்காக. காரீயம் இல்லாத வழக்கமான கம்பி 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். டிகிரியைக் கூட்ட வேண்டும், பிட்டின் ஆயுளும் குறையும். ஏற்கெனவே 450 வைப்பவரை அங்கே அனுப்பாதீர்கள்.

ஓம்விதி | மதியம் 1:47
குறையும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது. அதில் வெள்ளீயம் அதிகம், வெள்ளீயம் இரும்பையே மெல்லக் கரைக்கும். காரணத்தோடு சொல்லுங்கள்.

தறிமேடை | மாலை 4:05
மேலே உள்ள விவாதத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம், அவருக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. வெளிச்சவீடு அண்ணா, இரண்டு கேள்வி. வேலை முடிந்து அணைக்கும்போது முனையை எப்படி விடுகிறீர்கள்? ஸ்பான்ச் எங்கே வாங்கினீர்கள்?

வெளிச்சவீடு | மாலை 6:20
நன்றாகத் துடைத்துச் சுத்தமாகத்தான் அணைப்பேன். ஒரு துளி லெட்கூட விடமாட்டேன். ஸ்பான்ச் தனியாக வாங்கவில்லை, பாத்திரம் துலக்கும் பச்சை மஞ்சள் ஸ்பான்ச்சில் ஒரு துண்டு வெட்டி வைத்திருக்கிறேன்.

தறிமேடை | மாலை 6:34
அண்ணா, இரண்டிலும்தான் சிக்கல். சுத்தமாகத் துடைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் வேலை தொடங்கும்போது. முடிக்கும்போது செய்தால் சூடான இரும்பு வெறுமனே காற்றில் நிற்கும், ஆறுவதற்குள் கறுத்துவிடும். அணைக்கும் முன் முனை முழுக்க மூடும்படி லெட் ஏற்றி அப்படியே விடுங்கள். அந்தப் பூச்சுதான் காற்றைத் தடுக்கும்.

பாத்திர ஸ்பான்ச் பிளாஸ்டிக் நுரை. சூடான முனை பட்டதும் உருகி முனையில் ஒட்டும், அதுவே கருகிக் கறுப்பாகும். முகர்ந்து பாருங்கள், பிளாஸ்டிக் எரிந்த வாடை வரும். சால்டரிங் ஸ்பான்ச் மரநாரில் செய்தது. காய்ந்தால் அட்டை போல இருக்கும், தண்ணீரில் போட்டால் உப்பும். நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு வைக்க வேண்டும். எனக்குப் பித்தளைச் சுருள்தான் பிடிக்கும், குத்தி எடுத்தால் போதும், சூடு குறையாது.

இப்போதுள்ள பிட்டுக்கு: ஸ்டேஷனை அணைத்து ஆறவிடுங்கள். ரோசின் உள்ள லெட்டை முனையில் ஏழெட்டுச் சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். பிறகு 250 வைத்து ஆன் செய்யுங்கள். முனை கறுக்கும் முன்பே ரோசின் ஓடி இரும்பைப் பிடித்துவிடும். ஒட்டாத இடம் இருந்தால் பித்தளைச் சுருளில் குத்தி, மீண்டும் லெட் ஏற்றுங்கள். ஐந்தாறு முறை பொறுமையாகச் செய்யுங்கள். அவசரத்தில் டிகிரியை ஏற்றிவிடாதீர்கள்.

செம்புக்கம்பி | மாலை 6:41
இதேதான். அடுத்த பிட் வாங்கும்போது கடையிலேயே காந்தம் வைத்துப் பாருங்கள். முலாம் இருந்தால் லேசாக இழுக்கும், வெறும் செம்பை இழுக்காது. நான் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போகும்போது பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும்.

கோவைத்தடம் | மறுநாள் காலை 10:10
வெளிச்சவீடு, என்ன ஆயிற்று? சரியானதா?

ஓம்விதி | மறுநாள் மாலை 5:30
பதில் வாங்கிக்கொண்டு காணாமல் போவதும் வழக்கமாகிவிட்டது.

வெளிச்சவீடு | மூன்றாம் நாள் இரவு 9:48
மன்னிக்கவும், பல்பு கொடுத்து முடிக்கும்வரை எதையும் பார்க்கவில்லை. சுற்றிவைத்துச் செய்ததில் நான்காவது முறை முனை வெள்ளியாகிவிட்டது. நுனியில் ஒரு கடுகளவு இடம் மட்டும் பிடிக்கவில்லை. உளி பிட் வாங்கி 350இல் போர்டு வேலை முடிந்தது. 16 பல்பு எரிகிறது, இரண்டில் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் தரும் சர்க்யூட்) போய்விட்டது. தறிமேடை, செம்புக்கம்பி, எல்லோருக்கும் நன்றி.

வால்வுரேடியோ | இரவு 10:15
மகிழ்ச்சி தம்பி. அந்த இரண்டு பல்பின் டிரைவரைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.