16+ போட்ட கேமை 11 வயதுப் பையனுக்குத் தரலாமா?

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு 11 வயது. நண்பர்கள் எல்லோரும் ஆடுகிறார்களாம், ஒரு துப்பாக்கிச் சண்டை கேமுக்காக நச்சரித்துக்கொண்டே இருக்கிறான். அதன் பெகி குறியீடு, அதாவது எந்த வயதுக்கு ஏற்றது என்று கேம் மேல் போடும் எண், 16.

ஓரளவு படித்துப் பார்த்தேன். ஐரோப்பாவின் பெகி 2003-இல் வந்தது; 3, 7, 12, 16, 18 என்று பிரிக்கிறது. அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி 1994 முதல் இருக்கிறது. அங்கே ‘டீன்’ என்றால் 13 வயதுக்கு மேல், ‘மெச்சூர்’ என்றால் 17-க்கு மேல். இந்த எண்கள் ஆட்டம் எவ்வளவு கடினம் என்று சொல்வதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. (என்னை எப்போதும் தோற்கடிக்கும் செஸ் கேம்கூட சின்னக் குழந்தைக்கு ஏற்றதுதான்!) வன்முறை, கெட்ட வார்த்தை, சூதாட்டம் என்று காரணமும் போடுகிறார்கள். அதுவரை சரி.

எனக்கு ரத்தக் காட்சியைவிடப் பெரிய பயம், முகம் தெரியாத ஆட்கள் மைக்கில் பேசுவது. ஈஎஸ்ஆர்பி ‘பயனர்கள் ஒருவரோடு ஒருவர் பேசலாம்’ என்று ஒரு குறிப்பு போடுகிறது, அவ்வளவுதான். யார் என்ன பேசுவார்கள் என்பதை எந்தக் குறியீடும் முன்கூட்டிச் சொல்ல முடியாதே.

பிளேஸ்டேஷனில் அவனுக்குத் தனிக் கணக்கு தொடங்கி வயது வரம்பு வைத்துவிட்டேன். கேமில் பேசும் சாட் வசதியை மொத்தமாக மூடினால் வகுப்பு நண்பர்களோடும் பேச முடியாது என்று அழுகிறான். தெரிந்தவர்களோடு மட்டும் பேசவிட்டு மற்றவர்களைத் தடுக்க வழி உண்டா? அப்புறம், ஆட வேண்டாம் என்றால் அதே கேமை யாரோ ஆடும் வீடியோவை யூடியூபில் பார்க்கிறான். அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இதே வயதுப் பிள்ளைகள் உள்ளவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.