அடைபட்ட கார்மேல் மடத்தில் 14 மாதங்கள்

மடத்தில் சேர்ந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் அதைப் பற்றி வெளியே சொல்லத் தயங்குவார்கள். நானும் இதுவரை தயங்கியவள்தான். பட்டப்படிப்பு முடிந்த கையோடு, எனக்கு இறையழைத்தல் இருக்கிறது என்ற உறுதியுடன், தமிழகத்தில் உள்ள ஒரு கார்மேல் மடத்தில், அதாவது வெளியே வராமல் செபத்தில் வாழும் கத்தோலிக்கப் பெண் துறவியர் மடத்தில், சேர்ந்து 14 மாதங்கள் இருந்தேன்.

முதல் சந்திப்பின்போது கம்பித் தடுப்புக்கு அப்பால் என்னைக் கண்ட அம்மா, பெண்ணைப் பூட்டி வைத்துவிட்டார்கள் என்றே அழுதார். உண்மையில், வெளியேறுவது அல்ல, அங்கே நிலைப்பதுதான் கடினம். 2018-இல் திருப்பீடம் (வத்திக்கான்) வகுத்த விதிகளின்படி, நித்திய வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது வாழ்நாள் முழுவதற்குமான துறவு உறுதிமொழிக்கு, முந்தைய பயிற்சிக் காலம் 9 ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது.

மௌனம் எனக்குப் பாரமாக இருக்கவில்லை. 1562-இல் ஸ்பெயினின் அவிலாவில் புனித தெரேசா தொடங்கிய கார்மேல் சபைச் சீர்திருத்த மரபில், நாள்தோறும் இரண்டு மணி நேரம் மௌன செபம் உண்டு. திருப்பலியும், நாளின் குறித்த வேளைகளில் கூடிச் சொல்லும் திருப்புகழ்மாலை செபங்களும் தனி. ஆனால் அதே தெரேசா, சகோதரிகள் கூடிப் பேசிச் சிரிக்கவும் நேரம் ஒதுக்கியிருக்கிறார். ஒரு மடத்தில் 21 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதால், நாம் தேர்ந்தெடுக்காத அதே சில முகங்களோடு, அதே பழைய கதைகளுக்கு, அன்றாடம் மனமுவந்து சிரிக்க வேண்டும். நான் திணறியது அங்கேதான்.

இன்னொன்று, கையிலிருப்பதை உடனே விட்டுவிட்டு அடுத்த கடமைக்கு வரச்சொல்லும் மணி. திருப்பலியில் பயன்படும் நற்கருணை அப்பம் செய்யும் அறையில் எனக்கு வேலை. கோதுமை மாவைத் தண்ணீரில் மட்டும் கரைத்து, சூடான இரும்புத் தகடுகளுக்கிடையே ஊற்றி எடுத்த தாள்களைச் சற்று ஈரப்பதத்தில் வைத்திருந்து, பிறகே வட்டமாக வெட்டுவோம், காய்ந்திருந்தால் நொறுங்கிவிடும். (வெட்டியது போக மிஞ்சும் ஓரத்துண்டுகளுக்கு அப்படியொரு ருசி!) சரியான பதம் வந்த நேரம் பார்த்து மணி அடிக்கும். தைக்கிறவர் ஊசியை இழுத்து முடிக்காமலும், எழுதுகிறவர் சொல்லை நிறைவு செய்யாமலும் எழுந்துவிடுவார்கள். நான் மட்டும், இன்னும் இரண்டே இரண்டு தாள் என்று நிற்பேன்.

துறவு உடை பெறும் நாள் நெருங்கியபோது, பயிற்சி தரும் சகோதரி, மணி ஒலிக்கையில் உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். எரிச்சல் என்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, இரண்டு வாரம் யோசிக்கச் சொன்னார். அதன் பிறகு நானே கிளம்பினேன்.

என்னோடு சேர்ந்தவள் முதல் வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டாள் என்று அறிந்து, சென்ற ஆண்டு பார்க்கப் போயிருந்தேன். என் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. கேள்வியை முடிக்காமலேயே, புன்னகையோடு எழுந்து போய்விட்டாள்.