அப்பத்தா வீட்டுக் குழு

அக்கா: அப்பத்தா நினைவுப் புத்தகத்துக்கு முதல் பத்தி எழுதிவிட்டேன். “அன்பே உருவானவர். பொறுமையின் சிகரம். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவர்.” சரியாக இருக்கிறதா, பாருங்கள் 🙏

அத்தை: இது யாரைப் பற்றி?

சித்தப்பா: 😂😂

பெரியப்பா: ஏம்மா, பிள்ளை ஆசையாக எழுதியிருக்கிறாள்.

அத்தை: எழுதட்டும் அண்ணா. ஆனால் நர்ஸ் வேலையில் அம்மா வாயைத் திறந்தால் வார்டே அடங்கும். “கை கழுவிட்டு வாங்க” என்று பெரிய டாக்டரையே திருப்பி அனுப்பியவள். பொறுமையின் சிகரமாம்!

அக்கா: அப்படியானால் வேறு என்ன எழுதலாம், அத்தை?

நான்: கையைப் பிடிப்பதை எழுது அக்கா. பேசிக்கொண்டே நம் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பாசம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பார்த்தால் கண் கடிகாரத்தில் இருக்கும்.

சித்தப்பா: நாடி எண்ணுவதுதான் 😄 முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்குவாள். ஓடி ஆடிவிட்டு வந்தால் “நூத்திப் பத்து, போய் உட்காரு” என்பாள்.

பெரியப்பா: அவள் வேலைக்குச் சேர்ந்தபோது மானிட்டர் ஏது, விரல்தான் எல்லாம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம், ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது, சீராக அடிக்கிறதா என்று பார்க்கணும் என்பாள். எனக்கு நாடி விட்டு விட்டு அடிக்கிறது என்று முதலில் சொன்னதே அவள்தான். ஈசிஜி எல்லாம் அப்புறம்தான்.

சித்தி: தெர்மாமீட்டர் உதறுவதையும் சேர்த்துக்கொள்ளம்மா. பாதரசம் 95-க்குக் கீழே வரும்வரை ஒரு சொடுக்குச் சொடுக்குவார். நான் உதறினால் இறங்கவே இறங்காது. “ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இது வரலையா” என்று கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்.

அத்தை: கண்ணாடி சிரிஞ்சை விட்டுவிட்டீர்களே. ஒரு தடவை போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற ஊசியெல்லாம் பிறகு வந்தது. அம்மா புதிதாகச் சேர்ந்தபோது சிரிஞ்சைக் கழற்றி, குழாய் தனி, தண்டு தனியாகக் கொதிக்க வைக்கணும். ஊசி முனை மழுங்கினால் கல்லில் தீட்டணும்.

அக்கா: ஊசியைத் தீட்டுவார்களா?!

அத்தை: ஆமாம். தீட்டியதைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பாள். ஒரு இழை சிக்கினாலும் மறுபடி கல்லுக்குப் போகணும். பிசிறு இருந்தால் குத்தும்போது சதையைக் கிழிக்கும். ஊசி போட்டுக்கொள்பவருக்கு அது தெரியவே கூடாது என்பாள். கோபக்காரிதான், ஆனால் கை அப்படி.

நான்: அக்கா, முதல் பத்தி இதுதான்.

அக்கா: அப்படியே எடுத்துக்கொண்டேன் 👍

அத்தை: இன்னொன்றும் எழுது. நைட் டியூட்டி முடிந்து வந்து பகலில் தூங்குவாள், நாங்கள் மூச்சுவிடக் கூடாது. என் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு வருடம்கூட வந்ததில்லை.

பெரியப்பா: எனக்கும் வந்ததில்லை.

சித்தப்பா: எனக்கு வந்தாள். பாதியில் தூங்கிவிட்டாள்.

அத்தை: அதையும் எழுது.

அக்கா: எழுதுகிறேன். படங்கள் வேண்டுமே. தயவுசெய்து டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், சாதாரணமாகப் போட்டால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்துகொள்ளலாம். யார், எங்கே என்று பின்னால் எழுதுவதானால் பென்சிலால் மெதுவாக.

சித்தப்பா: சீருடையில் இருக்கும் படம் என்னிடம் இருக்கிறது. சட்டையில் கடிகாரம் தலைகீழாகத் தொங்கும்.

நான்: ஏன் தலைகீழாக?

பெரியப்பா: குனிந்து பார்க்கிறவளுக்கு அது நேராகத் தெரியும். கையில் கட்டினால் ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவணுமே.

நான்: அந்தக் கடிகாரம் இப்போது எங்கே?

அத்தை: என்னிடம். இன்னும் ஓடுகிறது. யாருக்கும் தரமாட்டேன்.

சித்தப்பா: யாரும் கேட்கவே இல்லையே அக்கா 😂

பெரியப்பா: நான் கேட்கலாம் என்றிருந்தேன்.